அச்சு வெல்லம் இலவசம்

சிதம்பரத்துக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. வேண்டிய நேரம் பார்த்து காரின் வைப்பர் மக்கர் பண்ண, அருள்முருகன் ஜன்னல் வழியே கையை நீட்டி ஒரு பழைய துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“மேடம், எம் பொண்டாட்டிகிட்ட நான் துப்பறியும் நிறுவனத்துல அசிஸ்டெண்ட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப நான் பாக்குற வேலைக்கு பெட்ரோல் பங்க்ல வேற பேரு.”

“தொடைச்ச வரைக்கும் போதும். அந்த நோட்டீஸை இன்னொரு தடவை படி,” என்றாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த இசைவாணி.

“படிக்கவே வேணாம், மனப்பாடம் ஆயிடுச்சு. தினம்தினம் மார்ட், கார்த்திகை தீப அதிரடி! ஒரு தினம் போதாதுன்னு ரெண்டு தினம் பேரு வச்சிருக்கான் பாருங்க.”

விவகாரம் இதுதான். கடலூர் முதுநகரில் தொடங்கி சிதம்பரம் வரை ஒன்பது கடைகள், ஒன்பது முதலாளிகள். ஆனால் வாசலில் தொங்கும் பலகை ஒன்றே ஒன்று: கெடிலம் சூப்பர் மார்க்கெட். அவரவர் கடை, அவரவர் கல்லா. சரக்கு வாங்குவது மட்டும் சேர்ந்து, பண்டிகைக்குச் சலுகை அறிவிப்பதும் சேர்ந்து. தனித்தனியாக நின்றால் பெரிய கம்பெனிக்காரன் ஊதித் தள்ளிவிடுவான் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, மற்ற எட்டுப் பேரையும் ஒரே பலகைக்கு அடியில் கொண்டு வந்து நிறுத்தியவர் மஞ்சக்குப்பம் கடை மணவாளன்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கிலிருந்து கெடிலத்துக்குச் சனி பிடித்தது. ஒன்பது பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிவு செய்கிற சலுகை, அவர்கள் அறிவிப்பதற்கு முதல் நாளே தினம்தினம் மார்ட்டின் நோட்டீஸில் வந்துவிடும். ஆடிக்கு அப்படி, தீபாவளிக்கு அப்படி, இப்போது கார்த்திகைக்கும் அப்படியே. உள்ளே இருக்கிற ஒருவர்தான் காட்டிக்கொடுக்கிறார். சிதம்பரம் கடைக்காரி லோகநாயகி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். நோட்டீஸ் முதலில் வந்து விழுவது அவளுடைய தெற்கு வீதியில். தினம்தினம் ஏரியா மேனேஜர் ஞானசேகரன் அவள் கடைக்குள் போனதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இன்று சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் கூட்டம். அதற்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் லோகநாயகியின் கடைப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். பலகை போனால் கூட்டுச் சரக்கு போகும், சரக்கு போனால் கடை போகும். திருடி என்ற பெயர் மட்டும் போகாமல் அந்தத் தெருவிலேயே இருக்கும்.

“உன்னை விட்டா இதைக் கண்டுபிடிக்க யாரும்மா இருக்கா?” என்று மணவாளன் நேற்று இசைவாணியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அவளுடைய அப்பா சுப்பிரமணியனும் மணவாளனும் பக்கத்துப் பக்கத்துக் கடை. அப்பா போன பிறகு, பெண் பிள்ளைக்குத் துப்பறியும் வேலை எதற்கு என்று ஊரே சிரித்தபோது, சிரிக்காதவர் இந்த ஒரு மாமாதான். தன் சிநேகிதர்களிடம் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி, முதல் இரண்டு மூன்று கேஸ்களைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

“நாலு ஐட்டம் அச்சு அசலா நம்மளுதும்மா,” என்று நோட்டீஸை அவள் கையில் கொடுத்து விளக்கியிருந்தார் மணவாளன். “அஞ்சாவதை மட்டும் திருட்டு தெரியக் கூடாதுன்னு மாத்திட்டான்.”

கெடிலத்தின் தாளில் ஐந்தாவது சலுகை இப்படி இருந்தது: நிலக்கடலை ஒரு கிலோவுக்கு நாட்டுச் சர்க்கரை இலவசம். கார்த்திகைக்கு உருண்டை பிடிக்கிற வீடுகளுக்கு வசதி. தினம்தினம் நோட்டீஸிலோ: மல்டி கிரெயின் ஆட்டா ஒரு கிலோவுக்கு அச்சு வெல்லம் இலவசம்.

“சப்பாத்திக்கு வெல்லம் தொட்டுக்கச் சொல்றான் மேடம்,” என்றான் அருள்முருகன். “சக்கரை வியாதிக்காரன் கோதுமை வாங்க வந்தா கையோட வெல்லத்தையும் குடுத்து அனுப்புறான். நல்ல மனசு.”

இசைவாணிக்கும் அந்த ஐந்தாவது வரிதான் உறுத்திக்கொண்டிருந்தது. திருட்டை மறைக்க நினைப்பவன் இவ்வளவு முட்டாள்தனமாகவா மறைப்பான்?

*

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தினம்தினம் மார்ட்டில் குளிர்சாதனம் எலும்பு வரை குத்தியது. ஏரியா மேனேஜர் ஞானசேகரனே எதிரே வந்து கும்பிட்டார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை சொட்டியது.

“வாங், வாங். என்ன பாக்கறீங்?”

“வீட்டுல விசேஷம் சார். மொத்தமா சரக்கு எடுக்கலாம்னு வந்தோம்,” என்றாள் இசைவாணி.

“தாராளமா எடுக்கலாமுங். எங்களுக்கு எல்லா ஊர்லயும் கடை இருக்குதுங். அடுத்தது கடலூர்தானுங். மஞ்சக்குப்பத்துலயே இடம் பேசிட்டமுங்.”

அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, அருள்முருகனுக்குப் பசி. காலையில் சாப்பிடாமல் கிளம்பியவன், மழைக்கு வறுத்துத் தின்ன ஏதாவது கிடைக்குமா என்று வரிசை வரிசையாக மேய்ந்தான். கடைசியில் பொறுமை போய் மேனேஜரையே கூப்பிட்டான்.

“சார், மல்லாட்ட எங்க இருக்கு?”

“ஓ, இருக்குதுங்களே! ஆஃபர்லயே இருக்குதுங். வாங், காட்டறேன்.”

இரண்டு பேரும் ரேக்குகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அருள்முருகன் தனியாகத் திரும்பி வந்தான். கையில் ஒரு மாவுப் பொட்டலம், முகத்தில் கடுகடுப்பு.

“மேடம், இந்த ஆளுக்குக் காது அவுட்டு. நான் மல்லாட்ட கேக்குறேன், கோதுமை மாவைத் தூக்கி நெஞ்சுல வைக்கிறாரு. நீங்கதானே மல்டி ஆட்டா கேட்டீங்கன்னு எங்கிட்டயே சண்டைக்கு வேற வராரு. பண்ருட்டியில பொறந்தவன் மல்லாட்ட கேட்டு மாவு வாங்கிட்டுப் போனா என்னை ஊருக்குள்ள சேப்பாங்களா?”

இசைவாணி அந்தப் பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். மல்டி கிரெயின் ஆட்டா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி பொட்டலத்தைப் பார்த்தாள்.

“அருள், இன்னொரு தடவை சொல்லு. வேகமாச் சொல்லு.”

“மல்லாட்ட.”

“போன்ல பேசுற மாதிரி சொல்லு.”

“மல்லாட்ட ஒரு கிலோவுக்கு...” என்று ஆரம்பித்தவன் பாதியில் வாயை மூடினான். “அடங்கொப்புரானே!”

விழுப்புரம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமெல்லாம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். பொள்ளாச்சிக்காரருக்கு அந்த வார்த்தையே தெரியாது. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த சரக்காக மாற்றி நோட்டீஸ் அடித்துவிட்டார் மனிதர்.

இசைவாணி பொட்டலத்தோடு ஞானசேகரனிடம் போனாள். “சார், உங்க ஊர்ல நிலக்கடலைக்கு என்ன சொல்லுவீங்க?”

“கல்லக்காய்ங். ஏனுங்?”

“சும்மாதான். இந்த ஆட்டா ஆஃபர் நல்லாப் போகுதா?”

மேனேஜர் முகம் சுருங்கியது. “அதை ஏனுங் கேக்கறீங். ஒரு பாக்கெட் நகரலீங். ஆட்டாவுக்கு எதுக்கு வெல்லம்னு எல்லாரும் சிரிக்கறாங். நானும் போன்ல ரெண்டு தடவை கேட்டனுங், அவரும் அதேதான்...”

சொல்ல வந்ததை அவர் லபக்கென்று விழுங்கினார். “போன்ல யாரு சார்?” என்றாள் இசைவாணி. ஞானசேகரன் திடீரென்று பில் கவுண்டரில் ஏதோ அவசரம் இருப்பதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் ஓடினார்.

*

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் இசைவாணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கெடிலத்தின் தாளைப் பார்த்து யாரும் காப்பியடிக்கவில்லை. தாளில் இருப்பது ‘நிலக்கடலை’. அதைப் பார்த்தவன் ஆட்டா என்று எழுத முடியாது. ஆக, எழுத்தில் வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று யாரோ போனில் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாய் மல்லாட்டை என்று சொல்கிற வாய். லோகநாயகி சீர்காழியில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாயில் அந்த வார்த்தை வராது.

கை தானாகப் போனை எடுத்து மணவாளனை அழைத்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண் வீட்டுக்கு ஓடி வந்து சொல்கிற மாதிரி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.



“மாமா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. மல்லாட்டைங்கிற... அப்பிடீன்னா நம்ம செம்பியன்தாம்மா. பண்ருட்டி வாய் அவனுக்கு.”

செம்பியன் வேறு யாருமில்லை, மணவாளன் மனைவியின் தம்பி. ஒன்பது கடைக்கும் சரக்கு வாங்கிப் போடுகிற பொறுப்பு அவனுடையது. அதனால் கூட்டத்திலும் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு.

“மாமா, அவரு உங்க மச்சானாச்சே!”

“அதாம்மா வயிறெரியுது. கூடப் பொறந்தவனா நெனச்சேன். சரி, நீ கெளம்பி வா. கூட்டத்துல நீயே சொல்லிடு. நீ சொன்னாத்தான் எல்லாரும் நம்புவாங்க.”

போனை வைத்தபோது இசைவாணி, இந்த வயதில் அந்த மனிதருக்கு இப்படி ஒரு அடியா என்று வருத்தப்பட்டாள். அருள்முருகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், மல்லாட்டைன்னு சொல்றவனெல்லாம் திருடன்னா விருத்தாசலத்துலேருந்து விழுப்புரம் வரைக்கும் ஒரே ஜெயிலாக் கட்டணும். உங்க மாமா விருத்தாசலம் பக்கம் கம்மாபுரத்துக்காரருதானே? அவுங்க ஊர்ல மல்லாட்டைக்குப் பேரு என்ன, பிஸ்தாவா?”

“வாயைக் கழுவு அருள்!”

அவள் குரலில் இருந்த சூடு அவளுக்கே புதிது. அருள்முருகன் ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

*

தெற்கு வீதிக் கடையில் லோகநாயகி அகல் விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போன பிறகு கடையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள். மணவாளன் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் அவள் கை நின்றது.

“பலகையைக் கழட்டத்தானே வந்தீங்க? ஏணி பின்னாடி இருக்கு, எடுத்துக்கங்க.”

“இல்லம்மா, நாங்க பேசத்தான் வந்தோம்,” என்றாள் இசைவாணி. “தினம்தினம் மேனேஜர் உங்க கடைக்கு எதுக்கு வந்தாரு?”

“சுக்கு வாங்க. அவருக்கு நெஞ்சு பூரா சளி. அவங்க கடையில சுக்கு தீந்து போச்சாம். வெளிய சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. நானும் சொல்லல.”

அருள்முருகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏசி அப்பிடிம்மா. அதுல நிக்கிறதுக்குப் பேசாம ஐஸ் பெட்டிக்குள்ள படுத்துக்கலாம்.”

லோகநாயகி சிரிக்கவில்லை. இசைவாணி நோட்டீஸை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்து மல்லாட்டைக் கதையைச் சொன்னாள். லோகநாயகி கேட்டுவிட்டு அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

“அது சரிம்மா. நாங்க வேர்க்கடலைன்னுதான் சொல்லுவோம். ஆனா இதுல அச்சு வெல்லம்னு எப்படி வந்துச்சு?”

“நாட்டுச் சர்க்கரையைத்தான் வெல்லம்னு போட்டிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணா? அதுக்குத்தானேம்மா கூட்டத்துல அரை மணி நேரம் அடிச்சுக்கிட்டோம்! மணவாளன் அண்ணன் வெல்லம்னுதான் எழுதி எடுத்துக்கிட்டு வந்தாரு. நான்தான் வேண்டாம்னு மல்லுக்கு நின்னேன். இந்த மழையில அச்சு வெல்லம் கசிஞ்சு, பாக்கெட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு எறும்பு மொச்சுடும். செம்பியன் தம்பியும் குதிச்சாரு, திடீர்னு சொன்னா இவ்ளோ வெல்லத்துக்கு நான் எங்க போவேன்னு. கடைசியில தம்பியேதான் நாட்டுச் சர்க்கரைன்னு முடிச்சு வச்சாரு. அதுக்கப்புறம்தான் தாளே அடிச்சோம்.”

இசைவாணியின் விரல் நோட்டீஸின் மேலேயே நின்றது.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யார் வெளியே போய்ச் சொல்லியிருந்தாலும் சர்க்கரை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அத்தனை சண்டை போட்ட பிறகு எவருக்கும் அது மறக்காது. வெல்லம் என்று போனில் சொன்னவர், கூட்டம் நடப்பதற்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

“கூட்டத்துக்கு முன்னாடி ஆஃபர் என்னன்னு யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

“யாருக்கும் தெரியாதும்மா. அண்ணன் மட்டும்தான் யோசிச்சு எழுதிக்கிட்டு வருவாரு. கூட்டத்துலதான் பிரிப்பாரு. முன்னாடியே சொன்னா எவனாவது சரக்கைப் பதுக்கிருவான்னு அவரே போட்ட சட்டம். வீட்ல அண்ணிக்குக்கூடச் சொல்ல மாட்டாரு.”

கடையில் யாரோ மஞ்சள் தூள் கேட்டார்கள். லோகநாயகி எழுந்து போனாள். அருள்முருகன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததே இசைவாணிக்கு எரிச்சலாக இருந்தது.

*

லோகநாயகியையும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஆலப்பாக்கத்தில் இசைவாணி வண்டியை ஓரங்கட்டி ஒரு டீக்கடைக் கூரைக்கு அடியில் போய் நின்றாள். அருள்முருகன் பின்னாலேயே வந்தான்.

“அருள், நான் தப்பா யோசிக்கிறேன்னு சொல்லு.”

“நீங்க தப்பா யோசிக்கிறீங்க மேடம்.”

“நெஜமாவா?”

“இல்ல.”

அவள் டீயைக் குடிக்காமலே வைத்தாள். ஆத்திரம் முதலில் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காலையில் அந்தப் போனில் எப்படிக் குதித்துக் குதித்துச் சொன்னோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. மச்சானைக் காட்டிக்கொடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? அவள் மூச்சு விடுகிற நேரம்.

“அவரே கூட்டத்துல சொல்லிடுவாருன்னு ஒரு நப்பாசை இருக்கு அருள்.”

“இருக்கட்டும் மேடம். வண்டியை நான் ஓட்டுறேன், நீங்க கண்ணாடியைத் தொடைங்க. மனசுக்கு நல்லது.”

*

மஞ்சக்குப்பம் கடையின் மாடியில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். லோகநாயகியைக் கண்டதும் மணவாளன் எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க அவள் முன்னால் கை கூப்பினார்.

“எம்மா, உன்னைச் சந்தேகப்பட்டது எங்க தப்பு. மன்னிச்சுக்கோ.” பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. “சுப்பிரமணியன் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. சொல்லவே நாக்கு கூசுது. எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்கான் எம் மச்சான் செம்பியன். இனிமே இந்தக் கூட்டு இருந்து என்ன, கலைஞ்சு என்ன? நீயே சொல்லும்மா இசை.”

செம்பியன் நாற்காலியிலிருந்து எழுந்தான். “மாமா? என்ன மாமா சொல்றீங்க?”

மாமா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இசைவாணியின் நப்பாசை அந்த இடத்தில் செத்தது. தன் பெயரைச் சொல்லி, தன் அப்பா பெயரையும் சொல்லி, தன் வாயாலேயே ஒரு அப்பாவியின் கழுத்தை அறுக்கச் சொல்கிறார். இப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“சொல்றேன் மாமா. அதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி.” அவள் முதுநகர்க் கடைக்காரி ஜெயராணியின் பக்கம் திரும்பினாள். “கார்த்திகைக்குக் கடலையோட எதை இலவசமாக் குடுக்கிறதா முடிவாச்சு?”

“நாட்டுச் சர்க்கரை,” என்றாள் ஜெயராணி.

இசைவாணி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். செம்பியனிடம் வந்தபோது அவன் கத்தியேவிட்டான். “நாட்டுச் சர்க்கரைதான்! மூட்டை மூட்டையா நான்தானே வாங்கிப் போட்டிருக்கேன்!”

“அச்சு வெல்லம்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

“அது கூட்டத்துலயே அடிபட்டுப் போச்சே,” என்றாள் ஜெயராணி.

“காட்டிக்குடுத்தவரு போன்ல சொன்னது அச்சு வெல்லம். நோட்டீஸ்ல இருக்கு, பாருங்க. கூட்டத்துல இருந்த யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டீங்க. கூட்டத்துக்கு முன்னாடியே வெல்லம்னு தெரிஞ்சவருதான் சொல்லியிருக்கணும்.” அவள் நோட்டீஸை நடுவில் வைத்தாள். “அது யாருன்னு நான் சொல்ல வேணாம்.”

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. செம்பியனின் தலைதான் கடைசியாகத் திரும்பியது. அவனுக்குத் திரும்ப மனசில்லை.

மணவாளன் மறுக்கவில்லை. மறுப்பார், சண்டை போடுவார் என்று இசைவாணி எதிர்பார்த்திருந்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“எம் பசங்க ரெண்டு பேரும் கடைப் பக்கமே தலை வைக்க மாட்டேன்னுட்டானுவ,” என்றார். “தினம்தினம் கம்பெனிக்காரன் இந்த இடத்தைக் கேட்டான். கூட்டு இருக்கிற வரைக்கும் எவனும் வெளிக் கம்பெனிக்கு இடம் விடக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டு வச்சிருக்கேன். நானே போய் எப்பிடி மீறுறது? தானாக் கலைஞ்சா யாருக்கும் பொல்லாப்பு இல்லன்னு...”

“எங்ககிட்டக் கேட்டிருந்தா நாங்களே விட்டிருப்போமே மாமா!” என்றான் செம்பியன். அழுதுகொண்டிருந்தான்.

“கேட்டா, எல்லாரையும் இழுத்து விட்டுட்டு இவன் மட்டும் ஓடிட்டான்னு சொல்லியிருப்பீங்க.”

இசைவாணிக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. அதைக் கேட்காமல் போக அவளால் முடியவில்லை.

“இவ்வளவும் பண்ணிட்டு என்னை ஏன் மாமா கூப்பிட்டீங்க?”

மணவாளன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “எல்லாரும் ஆள் வச்சு விசாரிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. வேற எவனாச்சும் வந்தா என்னையும் சேத்துத்தான் விசாரிப்பான். நீன்னா என்னை விசாரிக்க மாட்டேன்னு நம்பினேம்மா.”

கெட்டிக்காரி என்று கூப்பிட்டார் என நினைத்திருந்தாள். கண்டுபிடிக்க மாட்டாள் என்று நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

“நீங்க நம்புனது சரிதான் மாமா,” என்றாள். “காலையிலேர்ந்து எல்லாரையும் விசாரிச்சேன். இந்த நிமிஷம் வரைக்கும் உங்களை மட்டும் விசாரிக்கல.”

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் படியிறங்கி வந்துவிட்டாள். மழை விட்டிருந்தது. அருள்முருகன் காரைத் திருப்பக் கொண்டுபோனான்.

பின்னால் லோகநாயகி இறங்கி வந்தாள். இரண்டு பேரும் கடை வாசலில் காருக்காக நின்றார்கள்.

“காலையில சிதம்பரத்துக்கு வரப்ப நான்தான்னு நெனச்சுத்தானேம்மா வந்தீங்க?”

“ஆமா,” என்றாள் இசைவாணி. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு யாரு மேல சந்தேகம் இருந்துச்சு?”

“எம் மேலதான்.”

இசைவாணி திரும்பிப் பார்த்தாள்.

“மணவாளன் அண்ணனே என்னைச் சந்தேகப்படுறாருன்னா அது பொய்யா இருக்காதேம்மா,” என்றாள் லோகநாயகி. “போன்ல யார்கிட்டயாவது வாய் தவறி உளறிட்டேனோ, தூக்கத்துல எதுவும் பேசிட்டேனோன்னு ஒரு வாரமா என்னையே போட்டு விசாரிச்சுக்கிட்டு இருந்தேன். நான்தான்னு முக்கால்வாசி ஒத்துக்கவும் ஒத்துக்கிட்டேன்.”